நல்ல தண்ணீர் ஊற்றிய நாள்

நான் நட்ட தேயிலைக் குச்சி பட்டுப்போனதாக இந்த மலையில் யாரும் சொல்ல முடியாது. நாலாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலில் வந்து இறங்கி, தேவர்சோலைப் பக்கம் கொழுந்து மூட்டை சுமந்தவன், இன்று அருவங்காட்டுக்கு மேலே சொந்தமாகத் தேயிலை நர்சரி வைத்திருக்கிறேன். குன்னூரிலிருந்து கூடலூர் வரை என் பையில் வளர்ந்த நாற்று நிற்காத தோட்டம் குறைவு. படித்த அதிகாரிகளே வந்து, "எப்படிங்க உங்ககிட்ட மட்டும் இத்தனை வேர் பிடிக்குது?" என்று கேட்டிருக்கிறார்கள். கைராசி என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ராசியெல்லாம் ஒன்றுமில்லை, தண்ணீர்தான். வெட்டிய குச்சிக்கு எப்போது, எவ்வளவு, எந்தத் தண்ணீர் என்று தெரிந்தவன் ஜெயிப்பான்.

என் ஒரே மகள் கோயம்புத்தூரில் பார்த்துக்கொண்டிருந்த ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, இந்தோனேசியாவில் ஒரு சின்னத் தீவுக்கு மூன்று மாதம் தொண்டு வேலைக்குப் போனாள். முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கி, உடைந்துபோன பவளத்தைப் பொறுக்கிக் கம்பிச் சட்டத்தில் கட்டி, மறுபடி கடலிலேயே வளர்க்கிற வேலை. ஊட்டி காந்தலில் இருக்கும் என் மச்சான், "கடலுக்கு அடியில போயி என்ன மாமா பண்றா, மீனுக்கு டியூஷனா?" என்று கேட்டுச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது மாதக் கடைசியில் நானே புறப்பட்டுப் போனேன். பார்க்கப் போகிறேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். கூட்டிக்கொண்டு வரத்தான் போனேன். திரும்பி வர அவளுக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருந்தது என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியும்.

போன பிறகுதான் அங்கே வேறு கதை ஓடுவது தெரிந்தது. தொண்டுக்கு வந்தவர்களில் ஒருவரை ஒரு வருடத்துக்குச் சம்பள வேலையிலேயே வைத்துக்கொள்ளப் போகிறார்களாம். அதற்கு ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் ஒரு சட்டத்தை, துண்டு பொறுக்குவதிலிருந்து கடலில் இறக்குவது வரை முடிக்க வேண்டும். சனிக்கிழமைக்குள் சட்டம் கடலில் இருக்க வேண்டும். திங்கட்கிழமை அந்த இடத்தின் தலைவியம்மா முங்கிப் பார்த்து முடிவு சொல்வார். அந்த அம்மா அந்த நாட்டுக்காரர்தான். குள்ளம், நரைத்த கிராப்பு. பேச்சைவிடப் பார்வை அதிகம்.

மகள் அந்த வேலைக்குத் துடித்துக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதும் கையில் ஒரு கயிற்றுத் துண்டை வைத்து முடிச்சுப் போட்டுப் பழகிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை காலை முப்பது துண்டு பொறுக்கிக்கொண்டு வந்து கரையில் கடல்நீர்த் தொட்டியில் போட்டாள். விரல் நீளம், பழுப்பு நிறம், பார்த்தால் காய்ந்த இஞ்சி மாதிரி இருந்தது. கட்டப் போகும் நேரத்தில் படகு இன்ஜின் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள்.

"அப்பா, அரை மணி நேரம். வெயில் மட்டும் படாம பாத்துக்குங்க."

"நீ போ கண்ணு. நாத்து பாக்கறதுக்கு எனக்கே சொல்லித் தர்றியா?"

அரை மணி இரண்டு மணியாகிவிட்டது. தொட்டியைத் தென்னை நிழலுக்கு இழுத்தேன். கையை விட்டுப் பார்த்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. துண்டுகள் கொழகொழவென்று எச்சில் மாதிரி எதையோ கக்கியிருந்தன. எனக்குப் பதறிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டால் தேயிலைக் குச்சி ஒரே நாளில் கருகும். நாற்பது வருடப் பழக்கம், கை தானாக வேலை செய்தது. தொட்டியைக் கவிழ்த்து, சமையல்கட்டிலிருந்து குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து, துண்டுகளை ஒவ்வொன்றாக அலசினேன். புதுத் தண்ணீர் ஊற்றி, மேலே ஈரச் சாக்குப் போட்டு மூடினேன். பாராட்டுக்காகக் காத்திருந்தேன் என்றே சொல்லலாம்.

மகள் வந்து சாக்கைத் தூக்கினாள். விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"அப்பா... இது என்ன தண்ணி?"

"நல்ல தண்ணிதான். கேன் தண்ணி."

அவள் ஒரு துண்டை எடுத்துத் தேய்த்தாள். பழுப்புத் தோல் ஆடை மாதிரி வழுக்கி வந்தது. உள்ளே வெறும் வெள்ளை எலும்பு. அது செடியே இல்லையாம், பிராணியாம்; அவள்தான் சொன்னாள். உப்பில்லாத தண்ணீரில் போட்டால் செத்துவிடுமாம். முப்பதும் போயிற்று. அவள் தொட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். முழுவதும் கேட்டாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டா? வேணும்னே பண்ணீங்களா?"

"அடிப்பாவி, என்ன பேச்சு பேசற?"

"இல்லீங்க, புள்ளைக்கு அந்த வேலை கிடைக்கலீன்னா உங்ககூட வந்துருவாள்ல. டிக்கெட்டு வேற போட்டு வெச்சிருக்கறீங்க. அதான் கேட்டேன்."

கட்டியவளுக்கே அப்படித் தோன்றினால் மகளுக்குத் தோன்றாதா? தெரியாமல் செய்தேன் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்வேன். ஆனால் அந்தத் துண்டுகள் செத்தது தெரிந்தபோது மனசின் ஏதோ ஒரு மூலையில், சரி, இனி ஊருக்கு வந்துவிடுவாள் என்று ஓடியது. அதையும் மறைக்க எனக்கு வராது. போனை வைத்துவிட்டு நேரே அவளிடம் போனேன். படகுத்துறைப் பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கண்ணு, உனக்கும் சேத்து டிக்கெட் போட்டிருக்கேன். கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். ஆனா இன்னிக்கு நடந்தது அதுக்காக இல்ல."

"டிக்கெட் விஷயம் தெரியும்பா. அம்மா போன வாரமே சொல்லிருச்சு."

"தெரிஞ்சுமா என்கிட்ட தொட்டிய விட்டுட்டுப் போன?"

"பின்ன யார்கிட்ட விடறது? இந்தத் தீவுலயே நாத்து பாக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "கேன் தண்ணி! எங்களுக்கே அது அளவாத்தான் தருவாங்க. அதை அதுங்களுக்கு மொத்தமா ஊத்திக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க."

சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டுமாக இருந்தது.

மறுநாள் காலையில் இருவரும் தலைவியம்மா முன்னால் போய் நின்றோம். நான் தமிழில் சொல்லச் சொல்ல மகள் இங்கிலீஷில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் நீளமாகச் சொன்னேன். அவள் இரண்டே வரியில் முடித்தாள். என்னை ஏமாற்ற முடியுமா? தோட்டத்துரைகள் காலத்திலிருந்து இங்கிலீஷைக் காதால் கேட்டே வளர்ந்தவன் நான். அவள் தன் கவனக்குறைவு என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள்.

"நோ மேடம்," என்றேன். "ஷி நோ மிஸ்டேக். ஐ மிஸ்டேக். ஃபாதர்."

அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். நாள் தள்ளித் தர முடியாது, எல்லாருக்கும் சனிக்கிழமைதான் என்றார். உயிரோடு நிற்கும் பவளத்தை ஒடிக்கக் கூடாது, கீழே உடைந்து கிடப்பதைத்தான் பொறுக்க வேண்டும் என்றார். அப்பா உதவலாமா என்று மகள் கேட்டதற்கு, "குடிதண்ணீர் பக்கம் போகாமல் இருந்தால் உதவலாம்" என்றார். மகள்தான் எனக்கு அதைத் தமிழில் சொன்னாள். சொல்லும்போது அவள் உதடு துடித்தது, சிரிப்பை அடக்கியதால்.

நான் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவனில்லை. எங்கள் மலையில் ஓடைதான் உண்டு, அதுவும் ஐஸ் மாதிரி. அன்றைக்கு ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டி, முகத்துக்குக் கண்ணாடி போட்டுக் கடலில் மிதந்தேன். துண்டுகள் காற்றுப் படாமல் கடல்நீரிலேயே இருக்கட்டும் என்று வலைக்கூடையை என் கையில் கொடுத்திருந்தாள். அவள் கீழே போய்ப் பொறுக்கி வந்து வந்து கூடையில் போட்டாள்.

"பயமா இருக்காப்பா?"

"எனக்கா? கப்பல்ல வந்தவன் நான்!"

பயந்தது நிஜம். ஆனால் கண்ணாடி வழியே கீழே பார்த்தபோது அது மறந்துபோயிற்று. அவள் ஒரு துண்டை எடுக்கிறாள். திருப்பிப் பார்க்கிறாள். நுனியில் உயிர் இருக்கிறதா என்று விரலால் தடவுகிறாள். சந்தேகமாக இருந்தால் அதே இடத்தில் மெதுவாகத் திரும்ப வைக்கிறாள். அவசரமே இல்லை. இத்தனை வருடத்தில் என்னிடம் வேலை பார்த்த எத்தனையோ பேரில் அப்படிக் கை உள்ளவர்களை நான் இரண்டு மூன்று பேர்தான் பார்த்திருக்கிறேன். வீட்டில் ஒரு தம்ளரைக் கூட ஒழுங்காக வைக்காத பெண் அவள்.

சனிக்கிழமை மதியம் சட்டம் இறங்கியது. முடிச்சுகள் எல்லாம் அவள் போட்டவை. நான் நூல் வெட்டிக் கொடுத்தேன், கடல்நீர் மொண்டு மொண்டு ஊற்றினேன். இரண்டு நாளில் என்னைப்போல் நூல் வெட்டியவர் அந்தத் தீவில் இல்லை.

திங்கட்கிழமை தலைவியம்மா முங்கி எழுந்தார். ஈரத் தலையோடு நேரே மகளிடம் போய் ஏதோ சொன்னார். மகள் அவரை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இடுப்பளவுத் தண்ணீரில் காத்து நின்றவள்; என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. வேலை அவளுக்குத்தான். ஒரு வருடம்.

நான் புறப்பட்ட காலை அவளுக்கு முதல் நாள் வேலை. வழியனுப்ப நிற்கிறேன் என்றாள்.

"எங்க நர்சரியில முதல் நாளே லேட்டா வந்தவங்களை நான் என்ன பண்ணுவேன்னு உனக்குத் தெரியும்ல? போ, கெளம்பு."

போய்விட்டாள். என் படகு சட்டங்கள் இறக்கிய பக்கமாகத்தான் போயிற்று. தண்ணீரின் மேல் ஓரிடத்தில் குமிழ் குமிழாக வந்துகொண்டிருந்தது. மெதுவாகப் போப்பா என்று படகோட்டியிடம் தமிழிலேயே சொன்னேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வேகத்தைக் குறைத்தார். குமிழ் வந்த இடத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன். கீழே இருக்கிறவளுக்குத் தெரிந்திருக்காது. வேலை நேரத்தில் தெரியவும் வேண்டாம்.