பத்து வரை எண்ணச் சொன்னவள்

மலேசியாவில், சுவா என்ற ஊருக்கு உள்ளே, ஒரு செம்பனைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் இருபது வருடம் கணிதம் சொல்லிக் கொடுத்தவள். ஆங்கில ஆசிரியை மாற்றலாகிப் போனதும், தலைமையாசிரியர் அந்தப் பாடத்தை என் தலையில் கட்டிவிட்டார். மூன்றாம் ஆண்டு வகுப்பில் பதினோரு பிள்ளைகள். ஆங்கிலத்தில் ஏதாவது கேட்டால் பதினோரு பேரும் மேசையைப் பார்ப்பார்கள்.

ஆங்கில ஆசிரியர்களின் வாட்ஸ்அப் புலனக் குழு ஒன்றில் சேர்ந்து, ஒரு மாதம் மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பிறகு வெட்கத்தை விட்டு, என் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை என்று எழுதினேன். தம்பின் ஊர்ப் பள்ளியில் வேலை செய்யும் ஓர் ஆசிரியை தனியாகச் செய்தி அனுப்பினார். முகப்புப் படத்தில் ஒரு பூனைதான் இருந்தது. எழுத்தில் இருந்த நிதானத்தைப் பார்த்து, ஓய்வுபெறும் வயதில் இருப்பவர் என்று நானே முடிவுகட்டி, அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன்.

ஒரு பாடத்தை ஒலிப்பதிவு செய்து அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.

"கேள்விய கேட்டுட்டு நீங்களே பதில் சொல்லிடுறீங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணிப் பாருங்க" என்று பதில் வந்தது.

பதிவைப் போட்டுக் கேட்டேன். முழுக்க என் குரல்தான். கொஞ்சம் வலித்தது.

மறுநாள், காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. ஏழு எண்ணும்போது முன்வரிசைப் பெண் கையைத் தூக்கினாள்.

"டீச்சர், ஆர் யூ சிக்?"

நான் கேட்டதற்குப் பதில் இல்லைதான். ஆனால் யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவளாகவே கேட்ட முதல் ஆங்கிலக் கேள்வி அது. சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பில் தைரியம் வந்து, நாசி லெமாக், ரொட்டி என்று ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

ஆண்டு இறுதியில், சிரம்பானில் நடந்த ஒரு பயிற்சியில் அக்காவைச் சந்தித்தேன். என் பெயர் அட்டையைப் பார்த்து ஓடி வந்தவளுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும்.

"அக்கா அக்கான்னு கூப்பிட்டேனே, சொல்லியிருக்கலாம்ல?"

"கேக்க நல்லாருந்துச்சு டீச்சர், அதான் விட்டுட்டேன் லா" என்றாள்.

பிறகு தயங்கித் தயங்கி, தன் வகுப்பில் முப்பத்தைந்து பேர், ஒருவரும் வாயை மூடுவதில்லை, என்ன செய்வது என்று கேட்டாள். பாடத்தைப் பதிவு செய்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் அவள் குரலைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.