பூஜைக்குத் துடைத்த கண்ணாடிகள்

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அடையாறில், ஆற்றுப் பக்கம் ஒரு பழைய பங்களா. பழைய சினிமாச் சுருள், டேப், இசைத்தட்டு, போட்டோ எல்லாம் சேர்த்துப் பாதுகாக்கிற ஆபீஸ் அது. அங்கே நான் பெருக்கித் துடைக்கிற வேலை பார்க்கிறேன். அஞ்சாவது வரைதான் படித்தவள். தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

மெட்ராஸ் அந்தக் காலத்தில் எப்படி இருந்தது என்று பார்க்க, படிக்கிற பிள்ளைகள் அங்கே வருவார்கள். சில ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் புளிச்ச காடி வாசனை அடிக்கும். ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தமாம். அந்த அறையில் ஏசியை நிறுத்தக் கூடாது, ஈரத் துணியோடு உள்ளே போகக் கூடாது என்று மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார். நானும் போனதில்லை. மேடத்துக்கு முப்பது வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டார். நானும் அப்படித்தான். ஒத்துப்போனது.

சைதாப்பேட்டையிலிருந்து ஒரு பாய் வருவார். எழுபத்தஞ்சு தாண்டியவர். அவருடைய அப்பா அங்கே போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தாராம். ஸ்டுடியோ எப்போதோ போய்விட்டது. பரணில் ஒரு மரப்பெட்டி மட்டும் மிச்சம். அதைத்தான் மேடத்திடம் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அந்தக் காலத்துப் பாலம், ஆறு, கடைத்தெரு எல்லாம் அதில் இருக்கிறது என்று மேடத்துக்குச் சந்தோஷம். பாய்க்கு வேண்டியது ஒன்றுதான். அவருடைய அம்மாவின் போட்டோ.

அந்தம்மா கோஷா. வெளி ஆண்கள் எதிரில் வராதவர். ஒரே ஒரு தடவை ஸ்டுடியோ கதவைச் சாத்திவிட்டு, புருஷனே எடுத்த படம். வீட்டில் மாட்டியிருந்த பிரிண்ட் வெள்ளத்தில் போய்விட்டது. அதன் ஒரிஜினல் அந்தப் பெட்டியில் இருந்தது. அதிலிருந்து ஒரு பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி வாரா வாரம் வருவார்.

"இன்னாம்மா, வேல ஆச்சா?" என்று மேடத்திடம் கேட்பார்.

"மெஷின் ரிப்பேர் பாய். பூஜை லீவு முடியட்டும்" என்பார் மேடம்.

கேட் பக்கம் ஸ்டூலில் உட்காருவார். தண்ணீர் கொடுப்பேன். ஒரு நாள் அவராகச் சொன்னார். அம்மாவை அம்மி என்பார்.

"கனவுல அம்மி வருது. நடக்குது, சோறு போடுது. மூஞ்சி மட்டும் தெரியமாட்டேங்குது."

"வந்துடும் பாய்" என்றேன். வேறு என்ன சொல்வது. நான் ஏதோ காகிதப் போட்டோ என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள். மேடம் ஊருக்குப் போய்விட்டார். எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்துவிடச் சொல்லி மேனேஜர் போனில் சொன்னார். வருஷா வருஷம் செய்வதுதான். ப்ரொஜெக்டர், கம்ப்யூட்டர், பீரோ, மாப்புக் கட்டை, துடைப்பம் வரைக்கும் பொட்டு வைப்போம்.

ஹாலில் பெரிய மேஜை மேல் பாயின் பெட்டி திறந்திருந்தது. உள்ளே கண்ணாடித் துண்டுகள். உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. ஒவ்வொன்றும் பழைய காகிதத்தில் சுற்றியிருந்தது. பிரித்தேன். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்பாகப் புகை பிடித்த மாதிரி இருந்தது. படத்துக்குச் சட்டம் போடுகிற கண்ணாடி, பரணில் கிடந்து கரி ஏறியிருக்கிறது என்று நினைத்தேன். ஈரத் துணி கூடாத ஏசி அறையும் அது இல்லை. பக்கெட்டில் தண்ணீர் எடுத்து, சோப்பு ஆயில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தேன்.

முதலில் வழவழ என்று இருந்தது. அப்புறம் தோல் மாதிரி உரிந்து வந்தது. துணி கறுத்தது. எத்தனை வருஷத்து அழுக்கு என்று இன்னும் அழுத்தித் தேய்த்தேன். பதினொரு கண்ணாடி. பளிச்சென்று ஆயின. ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, வரிசையாகச் சுவரில் சாய்த்தேன். அடியில் இன்னும் மூன்று இருந்தன. அதற்குள் பொரி வாங்கப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அட்டெண்டர் தம்பி வந்து பார்த்தான். நாற்பது வயசுக்காரன், எல்லாரையும் ஓட்டுவான்.

"இன்னாக்கா, ஷோக்கா கீது. பேசாம ஊட்டுக்கு எட்த்துக்கினு போயி ஜன்னலுக்குப் போட்டுக்கோ."

"போடா, வேலையப் பாரு" என்றேன். உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

லீவு முடிந்து மேடம் வந்தார். மேஜையைப் பார்த்தார். பையைக் கீழே வைக்கவில்லை. தோளில் மாட்டியபடியே ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அப்புறம் உட்கார்ந்துவிட்டார்.

"யாருக்கா தொடச்சது?"

"நான்தான் மேடம்."

அவர் கத்தவில்லை. பெட்டியில் மிச்சமிருந்த ஒன்றை எடுத்து ஜன்னலில் பிடித்துக் காட்டினார். ஆறு தெரிந்தது. துணி துவைக்கிறவர்கள் தெரிந்தார்கள். முகம் கறுப்பு, தலைமுடி வெள்ளை. எல்லாம் தலைகீழ் நிறத்தில். ஃபிலிம் வருவதற்கு முன்னால் கண்ணாடியில்தான் படம் பிடித்தார்களாம். மாட்டு எலும்பைக் காய்ச்சி எடுத்த பசை, அதற்குள் வெள்ளி. வெளிச்சம் பட்ட இடத்தில் வெள்ளி கறுத்துப் படமாக நிற்கும். தண்ணீர் பட்டால் பசை ஊறும். ஊறினதைத் தேய்த்தால் கழன்று வந்துவிடும். அவர் பொறுமையாகச் சொன்னார். எனக்குப் புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

மீதி மூன்றில் அந்தம்மா இல்லை.

"தப்பு என்னோடதுக்கா. மேஜை மேல விட்டுட்டுப் போயிருக்கக் கூடாது" என்றார் மேடம். "பாய்கிட்ட ஈரத்துல கெட்டுப்போச்சுன்னு சொல்லிடறேன். நீங்க எதுவும் சொல்லாதீங்க. மேனேஜருக்குத் தெரிஞ்சா வேலையில வெச்சுக்க மாட்டாரு."

தலையாட்டினேன். வீட்டில் என் சம்பளம்தான் ஓடுகிறது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடித்துவிட்டுப் பாய் வந்தார். வெள்ளை ஜிப்பா போட்டிருந்தார். மேடம் உட்காரவைத்து, ஈரம் பட்டுச் சில கண்ணாடிகளில் படம் போய்விட்டது, அதில் அம்மாவுடையதும் ஒன்று என்று மெதுவாகச் சொன்னார். நான் கதவோரம் நின்றேன்.

 பாய் தலையில் கை வைத்தார்.

"அப்ப நாந்தாம்மா கெட்த்துட்டேன். வெள்ளம் வடிஞ்சப்பறமும் பரண்லயே போட்டு வெச்சிருந்தேன். ஓதம் ஏறிக்கும். அப்பவே எட்த்தாந்திருந்தா..." என்றார். "எங்கப்பா பத்தரமா வெச்சதை நான் பாழாக்கிட்டேன்."

மேடம் குனிந்துகொண்டார்.  நான் பாய் முன்னால் போனேன்.

"உங்க வூட்ல கெடல பாய். நல்லாத்தான் இருந்துது. நாந்தான் அழுக்குன்னு நெனச்சுத் தொடச்சிட்டேன்."

"அக்கா" என்றார் மேடம்.

பாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தண்ணி போட்டா தொடச்சே?"

"ஆமா பாய்."

"எல்லாம் துணியோட வந்துச்சா?"

"ஆமா பாய்."

"அந்தத் துணி கீதா?"

அதை மட்டும் அவர் கேட்டிருக்க வேண்டாம்.

"அலசிட்டேன் பாய்."

"எங்கே?"

பின்பக்கம் கூட்டிப் போனேன். குழாயடி. கீழே சிமெண்டுத் தொட்டி, அதிலிருந்து சாக்கடைக்குப் போகிற ஓட்டை. பாய் அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் கை நீட்டி அதை இறுக்கி மூடினார். உதடு அசைந்தது. ஏதோ ஓதினார் என்று நினைக்கிறேன். நான் பின்னால் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

போகும்போது பதினொரு கண்ணாடியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். எது அவருடைய அம்மா என்று யாருக்கும் தெரியாது. மேடம் புதுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சந்தனம் குங்குமத்தை நான் எடுக்கப் போனேன். "வேணாம், இனிமே தொடாதே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆட்டோவில் மடி மேல் வைத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் வரவில்லை.

மேனேஜருக்கு விஷயம் போனது. மேடம் எனக்காகப் பேசினார். வேலை நிலைத்தது. இப்போது அங்கே எதைத் துடைக்கணும் என்றாலும் கேட்டுவிட்டுத்தான் துடைக்கிறேன். துடைப்பத்துக்குப் பொட்டு வைக்கக்கூடக் கேட்கிறேன் என்று அந்தத் தம்பி சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பாயிடம் மன்னிப்பு கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. அவர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழியை இறக்கி என் தலையில் வைத்துக்கொண்டேன், அது ஒன்றுதான் என்னால் முடிந்தது, அதனால் அந்த முகம் திரும்பி வந்துவிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.