யானைக்குக் கள் போடக்கூடாது

ஐந்தாம் வகுப்பில் எனக்கு அநியாயமாகக் குறைத்த ஒரு புள்ளியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பன்மை எழுதச் சொல்லி ரீச்சர் நான்கு சொற்கள் தந்திருந்தார். ஆடுகள், பசுக்கள், ஈக்கள் என்று மளமளவென எழுதினேன். நான்காவது, யானை. 'யானையார்' என்று எழுதினேன். ரீச்சர் சிவப்புப் பேனையால் ஒரே வெட்டு. வகுப்பே சிரித்தது. நான் விடவில்லை.

"ரீச்சர், பெரிய ஆக்களுக்குக் 'கள்' போடக்கூடாது. கோவிச்சுக்கொண்டு வந்திடுவினம்."

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். பாவம், எங்கள் காட்டைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்!

நெடுங்கேணிக்கு அப்பால், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு. அங்கே யானையை மரியாதையில்லாமல் பேர் சொன்னால் வந்து நிற்கும் என்பார்கள். அப்பா 'ஆனையார்' என்பார். அம்மா அதையும் சொல்லமாட்டார்; 'பெரியவர்' என்பார். மானுக்கும் முயலுக்கும் இந்த மரியாதை கிடையாது. யாருக்குப் பயப்படுகிறோமோ அவருக்குத்தான் 'ஆர்' என்று நானே ஓர் இலக்கணம் வகுத்து வைத்திருந்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, வவுனியாவில் உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தார். அவரிடம் முறையிட்டேன்.

"நீ எழுதினது சரி. ஆனைக்குக் கள் போட்டால் பிறகு ஆர் பிடிக்கிறது?" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் சொன்னது பனங்கள்ளை என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

அன்றே இன்னொன்றும் கற்றுத்தந்தார். இங்கிலீசில் எல்லாப் பயத்துக்கும் பேர் இருக்கிறதாம். பின்னால் 'போபியா' என்று ஒட்டினால் போதுமாம். அம்மாவுக்குப் பல்லிப்போபியா. அப்பாவுக்கு ஊசிப்போபியா. மாமாவுக்கு நாய்ப்போபியா.

"ரெண்டு நாய் வந்தால்?"

"நாய்கள்போபியா."

"கனக்க வந்தால்?"

"பேர் சொல்ல நான் அங்க நிக்கமாட்டன்."

புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியது. மூன்று மைல் தள்ளிப் போய் எழுத வேண்டும். பாதி வழி காடு. அந்த வாரம் பார்த்து யானைகள் குளக்கட்டுப் பக்கம் இறங்கியிருந்தன. முதல்நாள் பின்னேரம் குசினியில் எல்லோரும் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்:

"பிள்ளை நாளைக்குப் போகவேண்டாம். அது எந்த நேரமும் வரலாம்."

எனக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. ஒரு வருடமாக விழுந்து விழுந்து படித்தது இதற்கா? மாமா வாய் நிறையப் புட்டோடு, "அக்கா, உனக்கு ஆனைப்போபியா" என்றார். எனக்குக் கேட்டது 'ஆனை, போவியா?' என்று. யானை நிற்கிற வழியால் போவியா என்று என்னைக் கேட்கிறார்!

"போவன்!" என்று கத்தினேன். "ஆனையார் வந்தாலும் போவன். ஆர் வந்தாலும் போவன்!"

அப்பாவும் மாமாவும் புரைக்கேறும்வரை சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை.

விடியற்காலை வெள்ளைச் சட்டையோடு மாமாவின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வந்து கையைப் பிடித்தார். நான் சைக்கிளை விடவில்லை. கடைசியில் அம்மாதான் விட்டார்.

காட்டு வழியில், நட்டநடு றோட்டில், ஆவி பறக்க யானை லத்தி கிடந்தது. மாமா சைக்கிளை நிறுத்திவிட்டார். "திரும்புவமே?" என்றார். நான் இறங்கி, காட்டைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"பெரியவர், சோதினைக்குப் போறம். வழி விடுங்கோ."

நான் நடந்தேன். மாமா சைக்கிளை உருட்டிக்கொண்டு பின்னால் வந்தார். அவரும் மெதுவாக, "வழி விடுங்கோ ஐயா" என்றது எனக்குக் கேட்டது.

வினாத்தாளில் வந்ததே பன்மை! யானையும் வந்தது. பென்சிலைக் கடித்தேன், யன்னலால் வெளியே பார்த்தேன், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு 'யானைகள்' என்று எழுதினேன். இன்னொரு புள்ளியை இழக்க நான் தயாராக இல்லை.

வீடு திரும்பியபோது அம்மா வாசல் படலையில் நின்றார். குசினியில் ரேடியோ தணிந்த குரலில் செய்தி சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா என்னை அணைத்தபடியே அப்பாவிடம், "இண்டைக்குப் போய் வந்திட்டாள். ஆனால் அது திரும்ப வரத்தான் போகுது" என்றார்.

சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தின் கடைசி மாதங்கள் அவை. அம்மா பயந்தது சண்டைக்கு. அந்தச் சொல்லை அவர் வாயால் எடுக்கவேயில்லை என்பது, நாங்கள் வீட்டை விட்டு ஓடி நெடுங்காலத்துக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. அன்று எனக்கு வந்தது கோபம். யானையைப் போய், மரியாதையில்லாமல், 'அது' என்கிறாரே!

"அம்மா, 'அது' எண்டு சொல்லாதேங்கோ. கோவிச்சுக்கொண்டு வந்திடுவார். 'பெரியவர்' எண்டு சொல்லுங்கோ."

அம்மா பெரிய றோட்டுப் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் கூப்பினார்.

"பெரியவர், வராதேங்கோ."

"அங்கால இல்லையம்மா," என்று திருத்தினேன் நான். "காடு இந்தப் பக்கம்."