மருந்துப்பொட்டிப் பாட்டும் மூன்று மேனேஜர்களும்

1. யாருடைய கம்பெனி?

ஒரே வாரத்தில் மூன்று பனியன் கம்பெனி மேனேஜர்கள் என் ரெக்கார்டிங் ரூமுக்குப் படியேறி வந்தார்கள். தனித்தனியாகத்தான் வந்தார்கள். ஆனால் மூவரும் கேட்டது ஒன்றுதான், என் சேனலில் போட்டிருந்த ஒரு பாட்டை எடுத்துவிட வேண்டும் என்று. காரணமும் ஒன்றுதான், அது தங்கள் கம்பெனியைப் பற்றிய பாட்டு என்று. பாட்டில் எந்தக் கம்பெனியின் பெயரும் கிடையாது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் மைக்கைப் பற்றியும் சாஃப்ட்வேரைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதையெல்லாம் போனிலேயே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். போனில் இல்லாதது இந்த மேனேஜர்கள் சமாச்சாரம். அதனால் அதையே எழுதுகிறேன்.

முதலில் வந்தவர் நல்ல மரியாதைக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க்கா, உங்க சேனல்ல ஒரு பாட்டு ஓடுதுங்களாமா, மருந்துப்பொட்டியப் பத்தி?"

"ஓடுதுங்க."

"அத எடுத்துப்போடுங்க. எங்க கம்பெனியத் தப்பாப் பாடியிருக்குதுங்க."

"உங்க கம்பெனி பேரு அதுல வருதுங்களா?"

"வரலீங்க. ஆனா எங்களத்தானுங்க சொல்லுது. போன ஆடிட்டுக்குப் பக்கத்துக் கம்பெனில இருந்து பொட்டி வாங்கியாந்து மாட்டுனது நாங்கதானுங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. நான் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை. அவராகவே கொட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் இரண்டாமவர் வந்தார். "பொட்டி குடுத்து ஒதவுனது நாங்கதானுங்க. அதுக்குக் கெடச்ச மரியாதயப் பாத்தீங்களா?" என்று வருத்தப்பட்டார். மூன்றாமவர் வந்தபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "எங்க பொட்டிய வாங்கிட்டுப் போனவங்க இன்னும் திருப்பியே குடுக்கலீங்க. இதுல பாட்டு வேறயா?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் நம் பனியனை வாங்குகிற பையர், கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க ஆட்களை அனுப்புவான். அதுதான் ஆடிட். அந்த ஒரு நாளைக்கு மட்டும் பூட்டிய கதவு திறக்கும், பாத்ரூமில் சோப்பு இருக்கும், காயத்துக்கு மருந்து வைக்கிற பெட்டி சுவரில் தொங்கும், எல்லோர் மூக்கிலும் மாஸ்க் ஏறும். என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முந்தின நாளே பாடம் நடக்கும். எல்லாக் கம்பெனியும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மூன்று கம்பெனிகள் தாங்களாக வந்து சொன்னதைச் சொல்கிறேன்.

மூவரும் போகும்போது கேட்ட கடைசிக் கேள்வியும் ஒன்றுதான். "பாடுன புள்ள யாருங்க?"

"அதச் சொல்ற பழக்கம் இங்க இல்லீங்க" என்றேன் மூன்று பேரிடமும்.

பாடியவள் எஸ்தர். கரண்ட் மிஷினில் பனியன் தைக்கிறவள், அதாவது பவர் டேபிள் டெய்லர். இந்த மூன்று கம்பெனியின் கேட்டையும் அவள் மிதித்ததே இல்லை. அவள் நிஜமாக வேலை பார்த்த கம்பெனியிலிருந்து மட்டும் ஒருவரும் வரவில்லை. அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள்.

2. ஒரு சாண் தூரம்

என் ரூம் வீரபாண்டியில் ஒரு குடோனின் மாடியில் இருக்கிறது. முன்பு கோயில் நோம்பிக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போட்டுக்கொண்டிருந்தேன். ஊரே அதிர வேண்டும் என்பார்கள், அதிர வைத்தேன். ஒரு கட்டத்தில் அது சலித்துப்போய்விட்டது. இருந்த பெரிய ஸ்பீக்கர் பாக்ஸ்களை விற்றுவிட்டு ஒரே ஒரு நல்ல கண்டென்சர் மைக் வாங்கினேன். சுவரெல்லாம் கட்டிங் வேஸ்ட் துணியை மூட்டையாகக் கட்டி அடுக்கினேன். கடையில் விற்கிற பஞ்சுப் பலகையைவிட நம் பனியன் துணி எதிரொலியை நன்றாகக் குடிக்கும். வேண்டுமானால் வந்து கைதட்டிப் பாருங்கள்.

கீழே நிட்டிங் மிஷின்கள் ஓடுகின்றன. அவை நிற்பது ஞாயிற்றுக்கிழமை. என்னிடம் பாட வருகிறவர்களுக்கும் அன்றைக்குத்தான் லீவு. அதனால் என் வேலை முழுக்க ஞாயிறுதான். சொந்தமாகப் பாட்டு கட்டி, தானே வாசித்து, தானே பாடுகிறவர்களை மட்டும் பதிவு செய்வேன். ஒரு குரல், ஒரு வாத்தியம். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். மூச்சு விடுவது கேட்கும், கம்பியில் விரல் தேய்வது கேட்கும், கேட்கட்டும். "ஆட்டோட்யூன் போடுவீங்களாக்கா, ட்ரம்ஸ் ஏத்துவீங்களா?" என்று கேட்பவர்களுக்கு வாசலிலேயே வேறு ஸ்டூடியோவுக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவேன். எனக்குத் திமிர் என்று பெயர். இருந்துவிட்டுப் போகட்டும்.

எஸ்தர் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். பிழைப்புக்குக் குடும்பத்தோடு வந்து லைன் வீட்டில் இருக்கிறாள். சர்ச்சில் கிட்டார் பழகியவள். அவள் முதன்முதலாக என் ரூமுக்கு வந்தபோது இடது கை ஆள்காட்டி விரலில் பெரிய கட்டு இருந்தது.

"என்ன கண்ணு இது?"

"ஊசி ஏறிருச்சு யக்கா. நகத்து வழியா உள்ள போயி அந்தப் பக்கம் வந்துட்டு."

"இந்தக் கையோட எப்படி வாசிப்ப? ஆறட்டும், அப்புறம் வா."

"ஆறிட்டுன்னா இந்தக் கோவம் போயிரும்லா? இப்பமே எடுத்துருங்க."

கட்டுப்போட்ட விரலால் கம்பியைச் சரியாக அழுத்த முடியவில்லை. எல்லாக் கம்பிகளையும் தளர்த்திச் சுருதியை இறக்கிக்கொண்டாள். அப்படியும் ஒரு கம்பி மட்டும் ஒவ்வொரு முறையும் கரகரவென்று அதிர்ந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் கேட்டால் தப்பு என்பார்கள். நான் அதை நீக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து மிஷின்காரியிடம் பேசுகிற குரலில்தான் பாடினாள்.

ஆடிட்டு வருதாம்ல, ஆடிட்டு வருதாம்
பூட்டிக் கெடந்த பொறவாசல் தானாத் தெறக்குதாம்
மூக்குக்கொரு மாஸ்க்கு வந்து முழிச்சு நிக்குதாம்
மூலையில மருந்துப்பொட்டி மினுக்கி நிக்குதாம்

ஊசி ஏறிப்போச்சு அக்கா, வெரலு ஒழுகுது
ஓடிப்போயிப் பாத்தா அங்க ஆணிதான் இருக்குது
மாட்டி வச்ச மருந்துப்பொட்டி எங்க போச்சுது?
அடுத்த கம்பெனி ஆடிட்டுக்கு வேலைக்குப் போச்சுது

முடித்தவுடன் ரெக்கார்டிங்கை நிறுத்தினேன். ஒரே டேக். இன்னொன்று எடுக்கலாமா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

பெயர் போட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். பெயர் தெரிந்தால் வேலை போய்விடும். ஒரு கம்பெனியில் போனால் அடுத்த கம்பெனிக்கும் போன் போய்விடும். அவளும் சரி என்றாள். கருப்புத் திரை, பாட்டு மட்டும் என்று சேனலில் ஏற்றினேன். டீ பிரேக்கில் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குத் தாவி, மங்கலம் தறிக்காரர்கள் வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் மேனேஜர்கள் ஊர்வலம்.

3. பாடாதவள்

முதலில் வந்த மரியாதைக்காரர் சும்மா இருக்கவில்லை. பாடியது யார் என்று தன் கம்பெனிக்குள்ளேயே தேடினார். செக்கிங் டேபிளில் பூங்கொடி என்று ஒரு பெண். துணியைப் புரட்டி ஓட்டை பார்க்கும்போது எதையாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டிருப்பது அவள் பழக்கம். அது போதாதா? "நாளையில இருந்து வர வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். அவள் அந்தப் பாட்டைப் போனில் கேட்டதோடு சரி.

பூங்கொடியின் வீடு எஸ்தர் இருந்த லைன் வீட்டுக்கு அடுத்த சந்து. ஞாயிற்றுக்கிழமை காலை எஸ்தர் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"யக்கா, எம் பாட்டுக்கு அவள ஏன் நிப்பாட்டுதாங்க? ரெண்டு பிள்ளைய வச்சுக்கிட்டு தண்ணிக் கொழாய்ல நின்னு அழுதா. நான் பக்கத்துல நின்னு கொடம் பிடிக்கேன். என்னால ஒண்ணும் சொல்ல முடியல."

"நான் போய் அந்த மேனேஜர்கிட்டப் பேசறேன், இரு."

"என்னன்னு பேசுவீங்க? அவ பாடலன்னா பின்ன யாருன்னு கேப்பாங்க. மறுபடியும் எடுங்க யக்கா. பேரு சொல்லிப் பாடுதேன்."

நான் விடவில்லை. அவளுடைய அம்மாவுக்கு முடியவில்லை, தம்பி படிக்கிறான், வீட்டுக்கு அவள்தான் ஆதாரம் என்பது எனக்குத் தெரியும். பூங்கொடிக்கு வேறு கம்பெனியில் சொல்லிவிடலாம் என்றேன். கொஞ்ச நாள் பாட்டை மறைத்து வைக்கிறேன் என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். மூன்று மேனேஜர்களுக்கு அசையாதவள் எஸ்தரின் வேலை போய்விடுமோ என்று பயந்து அப்படிச் சொன்னேன்.

எஸ்தர் என்னைக் கோபமாகப் பார்த்தாள். "மறைச்சா அவதான் பாடுனான்னு ஆயிரும்லா?"

மைக்கை இழுத்து அவள் முன்னால் வைத்தேன். விரல் ஆறியிருந்தது. இந்த முறை கம்பி சுத்தமாகப் பேசியது. பாட்டுக்கு முன்னால், அதே பேச்சுக் குரலில் சொன்னாள்:

"எம் பேரு எஸ்தர். பவர் டேபிள் டெய்லர். இந்தப் பாட்ட நாந்தான் எழுதுனேன், நாந்தான் பாடுதேன். பூங்கொடி பாடல."

அன்றைக்கே ஏற்றினேன். இந்த முறை அவள் முகம் தெரிகிற மாதிரி.

திங்கட்கிழமை அந்த மரியாதைக்காரரே போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏனுங்க்கா, எங்ககிட்ட எஸ்தர்னு யாருமே இல்லீங்க. அப்ப அது எங்க கம்பெனி இல்லீங்களா?" என்றார். பூங்கொடியைக் கூப்பிட்டு அதே டேபிளில் உட்கார வைத்தார். அதோடு நிற்காமல், பாருங்கள் இது எங்களைப் பற்றியது அல்ல, வேறு கம்பெனி என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் பாட்டை அவரே அனுப்பினார். நாங்கள் அனுப்பியதைவிட அதிகம் பேருக்கு அது போய்ச் சேர்ந்தது.

எஸ்தரின் கம்பெனி அந்த வாரமே அவளை நிறுத்தியது.

4. கேஸ் போட வந்தவர்

அப்புறம் நாலாவது மேனேஜர் வந்தார், உண்மையான கம்பெனியிலிருந்து. இவர் செருப்போடு உள்ளே வந்தார்.

"பாட்ட எடுக்கலீன்னா கேஸ் போடுவோமுங்க."

"தாராளமாப் போடுங்க. கோர்ட்ல அந்தப் பாட்டப் போட்டுக் காட்டச் சொல்வாங்க. ஸ்பீக்கர் செட்டு நானே கொண்டாந்து வெக்கறனுங்க. மைக் செட் போட்டுப் பழகுன கையி."

"நாலு கம்பெனிய நம்பிப் பொழைக்கற ஊருல இப்படிப் பேசலாமுங்களா?"

"ஒரு மருந்துப்பொட்டி வாங்கி மாட்டுங்க. நான் பேசறத நிறுத்திக்கறேன்."

கேஸ் இன்னும் வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன்.

எஸ்தர் சில வாரம் அலைந்தாள். போகும் இடமெல்லாம் "பாட்டுப் பாடுன புள்ளையா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு சின்ன தையல் யூனிட். அங்கேயும் அதே கேள்வி. ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் போனவளை அந்த முதலாளி நிறுத்தி, மிஷினைக் காட்டுவதற்கு முன்னால் மருந்துப்பெட்டியைத் திறந்து காட்டினாராம். "எல்லாம் இருக்குது பாத்துக்கம்மா. அப்புறம் நம்மளப் பாடிப்போடாத" என்றாராம். எஸ்தர் பஞ்சு, பிளாஸ்திரி, மருந்து எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கும் அங்கேதான் தைக்கிறாள்.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பாடுகிறவரைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துப் பாட்டை அனாதையாக விடாதீர்கள். அந்தப் பழியைச் சுமக்க இன்னொரு பெண்ணைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பெயர் போடலாமா வேண்டாமா என்பதைப் பாடியவர் சொல்லட்டும். நம் வேலை மைக்கை அருகில் வைப்பது. பிறகு யார் படியேறி வந்தாலும் அதை நகர்த்தாமல் இருப்பது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி வந்தாள். கையில் வாத்தியம் எதுவும் இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நானும் ஒரு பாட்டுக் கட்டியிருக்கறனுங்க்கா."

"திரும்ப வேலைக்குச் சேத்திருக்காங்க கண்ணு. யோசிச்சுக்கிட்டயா?"

"யோசிச்சுட்டனுங்க்கா. பாடாதப்பவே வெளிய அனுப்புனாங்க. இனி அனுப்பறதா இருந்தா, பாடுனதுக்கே அனுப்பட்டுமுங்க."