நூக்கலும் என் கைராசியும்

நூக்கலை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

கிளியனூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது, என் புகுந்த வீட்டில் நெல்லையும் மல்லாட்டை என்று இங்கே சொல்லும் வேர்க்கடலையையும் தவிர வேறெதையும் பயிர் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நான் பி.எட். முடித்தவள். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு கார்த்திகையில் கிணற்றை ஒட்டிய கொஞ்ச இடத்தில் நூக்கல் நாற்று நட்டேன். மண்ணுக்கு மேலேயே தண்டு உருண்டு திரண்டு வந்ததை மாமியார் தினமும் போய்ப் பார்த்தார். அவ்வளவு இளசு. சாம்பாரில் வாயில் வைத்ததும் கரைந்தது. புதுச்சேரி கடைக்காரர்கள் தழையோடு கேட்டு வாங்கிப் போனார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மருமகளுக்குக் கைராசி என்று மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் அரை ஏக்கர் நூக்கல். மல்லாட்டைக்கும் முதல் விதையை நான்தான் போட வேண்டும். பக்கத்து நிலத்துக்காரர்கள்கூட நடவு நாளில் என்னைக் கூப்பிட்டனுப்பினார்கள். வேலைக்குப் போகிறேன் என்று பேச்செடுத்தால் பதில் ஒன்றுதான், இந்த நடவு முடியட்டும். திட்டுகிறவர்களோடு சண்டை போடலாம். புகழ்கிறவர்களோடு எப்படிப் போடுவது? என் கணவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாம் வருஷம் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. தை முடிவதற்குள் சேர வேண்டும். மல்லாட்டை விதைப்பு முடியட்டும் என்றார் மாமனார். இந்தக் கைராசியை ஒழித்தால்தான் எனக்கு விடிவு என்று அன்றைக்குத் தோன்றியது.

நூக்கலைக் கைக்குள் அடங்கும் அளவில் அறுத்துவிட வேண்டும். விட்டால் முற்றி நாராகிவிடும். எங்கள் வீட்டில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். அறுக்கும் நாளைச் சொல்வதும் நான்தான். காய் சரியாகத் திரண்ட வாரத்தில், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று விழுப்புரம் போய்விட்டேன். ஆபரேஷன் நிஜம்தான். மூன்று நாளில் திரும்பியிருக்கலாம், பதினைந்து நாள் இருந்தேன். நெல்லும் மல்லாட்டையும் நன்றாக முற்றினால்தான் லாபம் என்று பழகியவர்கள், அவர்களாக அறுக்க மாட்டார்கள். "காயி நல்லா பெருசாய்க்கினு வருதும்மா" என்று மாமியார் போனில் பூரித்துப்போய்ச் சொன்னார். சரிங்க அத்தை என்று மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்தபோது காய்கள் தேங்காய் அளவுக்குப் பெருத்து, பாதிக்கு மேல் வெடித்துக் கிடந்தன. மூன்று விசில் விட்டும் வேகவில்லை. மாமனார் மென்று பார்த்து, நாரைத் தட்டின் ஓரத்தில் துப்பினார். ராசி போய்விட்டது என்று அவர் வாயால் சொல்லக் காத்திருந்தேன். அப்படியானால் நான் வேலைக்குப் போகிறேன் மாமா என்ற பதில் தயாராக இருந்தது.

"நீ ஊர்ல இல்லாமப் போனதுதாம்மா. உன் கை படலன்னா பயிரு இப்படித்தான் பாழாப் போவும். இனிமே உன்னை எங்கயும் அனுப்பறதா இல்ல" என்றார்.

மாமியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டார். நான்தான் வேண்டுமென்றே கெடுத்தேன் என்று சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். இரண்டு மாதம் அந்த அம்மாள் முழங்கால் வலியோடு களை பிடுங்கிய நிலம் அது. என்னால் சொல்ல முடியவில்லை.

மல்லாட்டை விதைப்பன்று காலையில் வயலில் இருந்தபோது பள்ளியிலிருந்து போன் வந்தது. ஏர் ஓட்டிய சாலில் முதல் விதையை நான் போடுவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். என்றைக்குச் சேர்கிறீர்கள் என்று போனில் கேட்டார்கள்.

"வேற ஆளப் பாத்துக்குங்க. இங்க நான் இல்லன்னா ஆவாது" என்றேன். அதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.