மலையாளிப் பிள்ளைகளுக்கு வந்த புத்தகக் கட்டு

குழந்தைகளுக்குப் புத்தகம் தேர்ந்தெடுக்கிற வேலையில் ஒரு விசேஷம் உண்டு: யாருக்காக எடுக்கிறோமோ அந்தக் குழந்தையைத் தவிர ஊரிலிருக்கிற அத்தனை பேருக்கும் அதில் ஓர் அபிப்பிராயம் இருக்கும். நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக பாவிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொன்னால் "இதெல்லாம் ஒரு வேலையா?" என்பார்கள்.

நான் மாயவரம் பக்கத்துக்காரி. இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டு மறியல் நடந்த வருஷங்களில்தான் எனக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் ஆகவில்லை. துணிக்கடை இப்ராஹிம் பாய் வீட்டு மாடியில் ஓர் அறை பார்த்துக்கொண்டேன். என் பொறுப்பில் இரண்டு இடங்கள். ஒன்று, ஊர் நூலகத்தின் சிறுவர் பகுதி. இன்னொன்று, கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் சத்துணவுக் கூடத்துக்குள் வைத்திருந்த ஓர் அலமாரி.

சனிக்கிழமைதோறும் ஜீப்பில் மலையேறிப் போய் அந்த அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார்கள், உள்ளே வர மாட்டார்கள். வருஷக் கடைசியில் மேலதிகாரி வந்து பார்ப்பார், புத்தகம் புழங்கவில்லை என்றால் அலமாரியை மூடிவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூடினால் உனக்கு அலைச்சல் மிச்சம்தானே என்பீர்கள். அந்தச் சனிக்கிழமையும் போய்விட்டால் வாரத்தில் எனக்கென்று ஒரு நாள்கூட இருக்காது. அதுதான் என் கவலை.

துணி பார்க்கிற மாதிரி

வந்த புதிதில் பாய் தன் மகள் நசீமாவைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். மாடியில் குடியிருக்கிறவள் வேலை பார்க்கிற இடமாயிற்றே என்கிற மரியாதைதான். நான் வீட்டு விருந்தாளி வந்த சந்தோஷத்தில் ஓடிப் போய், ஒரு யானைக் குட்டி கிணற்றை எட்டிப் பார்க்கிற படப் புத்தகத்தை எடுத்து நசீமா கையில் கொடுத்தேன். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

பாய் அதை வாங்கி, ஒரு பக்கத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். முதுகுத் தையலை இழுத்துப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சாயம் போகுமா என்று எச்சில் தொட்டுப் பார்க்காததுதான் பாக்கி. பிறகு என்னிடமே நீட்டினார். நசீமா முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் வீட்டுக்காரர் என்றும் பாராமல் சண்டைக்குப் போயிருப்பேன். பாய் ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னார்: "படம் ஜாஸ்தி, எழுத்து கம்மி. இதுல இன்னாம்மா இருக்குது? நல்லா கெட்டியா, நாலு வருசம் வர்றாப்ல ஒண்ணு குடுங்க."

நடுவில் ஒரு தட்டு

சிறுவர் பகுதி முடிந்தால் நேரே பெரியவர் பகுதிதான். பதினாலு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பார்கள். முயல் கதையும் பிடிக்காது, பெரியவர் பக்கம் போனால் யாராவது முறைப்பார்கள். அந்த வயதில் நானும் அப்படி நின்றவள்தான். அதனால் ஒரு தட்டைக் காலி செய்து, அந்த வயதுக்குத் தோதான புத்தகங்களாகப் பொறுக்கி அடுக்கி, மேலே 'இளையோர்' என்று எழுதி ஒட்டினேன். என் கையெழுத்தை நானே தள்ளி நின்று ரசித்தேன். வேறு யாரும் ரசிக்க இல்லை.

நூலக உதவியாளர் கோவிந்தன் துடைப்பத்தோடு வந்து நின்று படித்தார். அவருக்கு என் தனிமையில் ரொம்ப அக்கறை. தெரிந்த பையன்களின் ஜாதகத்தைப் பற்றியெல்லாம் பேசுவார். தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். கேட்டாரே ஒரு கேள்வி: "இளையோர்னா யாருங்க மேடம்? கண்ணாலம் ஆவாத எல்லாருமேவா, இல்ல அதுக்கும் ஒரு வயசு வரம்பு இருக்குதுங்களா?"

மடித்து வைக்கத் தோதாக

மறியல் உச்சத்தில் இருந்தபோது பஸ் நின்றது, கடைக் கதவுகள் பாதி திறந்து பாதி மூடிக் கிடந்தன. சனம் வீட்டை விட்டு வரப் பயந்தது. கோவிந்தனும் தன் கிராமத்தோடு தங்கிவிட்டார். நான் மட்டும் நூலகத்தைத் திறந்து, காற்றாடியைப் போட்டு, காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் பேசிய பேச்சு பால்காரரிடம் "கால் லிட்டர்" என்று சொன்னதோடு சரி. வாய் இருக்கிறதா என்று சில நாள் தடவிப் பார்த்துக்கொள்ளத் தோன்றும்.

அப்போதுதான் இரண்டு இளைஞர்கள் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்கள். பயத்தில் மேசை இழுப்பறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அதில் நெட்டையாக இருந்தவன் தயங்கித் தயங்கி, ரோட்டில் குந்திக்கினு இருக்கிறோம், பொழுது போகவில்லை, சின்னதாக ஏதாவது கொடுங்கள், போலீசு வந்தால் மடித்துச் சொருகிக்கினு ஓடுகிற மாதிரி இருக்கணும் என்றான். நம்புவீர்களோ மாட்டீர்களோ, வாரக் கணக்கில் என்னிடம் ஒருவரும் புத்தகம் எடுத்துத் தரச் சொல்லவில்லை. பயமெல்லாம் பறந்துபோய், அலமாரி அலமாரியாகத் தேடினேன். பெரியவர் புத்தகம் எதுவும் மடியாது. சிறுவர் பகுதியில்தான் மெல்லிசாக ஒரு நரிக் கதை கிடைத்தது. வாங்கிக்கொண்டு போனார்கள்.

புத்தகம் திரும்பாது என்றே நினைத்தேன். நிலைமை அடங்கிய பிறகு ஒருநாள் நெட்டையன் மட்டும் வந்தான், நெற்றியில் தையல் போட்ட தழும்போடு. புத்தகத்தில் பாதி இல்லை. அபராதம் போடுவேன் என்று பயந்தானோ என்னவோ, மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அடிதடில கடேசிப் பக்கமெல்லாம் கிழிஞ்சி போச்சிங்க மேடம். அந்த நரி அப்பறம் இன்னாதான் ஆச்சி?"

எழுதினதைத்தான் அனுப்பினார்கள்

வெள்ளிமலை அலமாரியைக் காப்பாற்ற எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. அங்கே இருந்ததெல்லாம் எழுத்து நிறைந்த நீதிக் கதைகள். படம் போட்ட புத்தகங்கள் வந்தால் பிள்ளைகள் உள்ளே வருவார்கள் என்று நம்பினேன். கல்வராயன் மலை சனங்களுக்கு 'மலையாளி' என்றுதான் பெயர். மலையை ஆள்கிறவர்கள் என்று அர்த்தம் சொல்லுவார்கள். பேசுவதெல்லாம் நம் தமிழ்தான். ஆகவே நானும் மேலிடத்துக்கு ஒழுங்காக, "மலையாளிப் பிள்ளைகளுக்குப் படக்கதைப் புத்தகங்கள் தேவை" என்று எழுதிப் போட்டேன்.

மறியல் மறுபடி கிளம்பிய நேரத்தில் கட்டு சின்னசேலம் ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது. பஸ் பாதி வழியில் நின்றுவிட, ஒரு கரும்பு டிராக்டரில் ஏறி உட்கார்ந்து கொண்டுவந்தேன். சணல் கயிற்றை அறுத்துப் பிரித்தால், அட்டையெல்லாம் பளபளவென்று மயிலும் படகும் மழையும். உள்ளே ஜிலேபி ஜிலேபியாக எழுத்து. அத்தனையும் மலையாளம்! கேரளத்துப் பிள்ளைகள் படிக்கிற சுத்த மலையாளம்.

மேலிடத்துக்கு ட்ரங்க் கால் போட்டு, லைன் கிடைக்கிற வரை தபாலாபீசில் நின்று, அழாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். திருப்பி அனுப்புவதென்றால் இந்த மறியலில் பார்சல் எடுக்க மாட்டார்கள், இந்த வருஷத்துக்கு வேறு புத்தகமும் கிடையாது என்றார் அந்தப் பக்கம் இருந்தவர். அதிகாரி மட்டும் சொன்னபடி மலைக்கு வருவாராம். போனில் பேசியவர் கொஞ்சமும் பதறாமல் சொன்னார்: "நீங்கதானேம்மா மலையாளின்னு எழுதுனீங்க? நாங்க என்ன, இந்தியிலயா அனுப்பிட்டோம்?"

தப்பு கண்டுபிடிக்க ஆளில்லை

வந்ததை என்ன செய்ய? கச்சிராயபாளையத்தில் ஜீப் பிடித்து, புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு மலையேறினேன். வளைவுக்கு வளைவு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அலமாரிச் சாவியை வைத்திருந்தவள் சத்துணவுக் கூடத்துப் பொறுப்பாளர் ரத்தினம், அந்த ஊர்ப் பெண். அவள் ஒரு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "சிரிக்காதே, நானே நொந்து போயிருக்கேன்" என்று எரிந்து விழுந்தேன். சும்மா கிடக்கட்டும் என்று புத்தகங்களைப் பாயில் பரப்பி வைத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஒருத்தி உள்ளே வந்தாள். செல்வி என்று பெயர், ஆறாவது படிக்கிறவள். உட்கார்ந்தாள், புரட்டினாள், இன்னொருத்தியைக் கூப்பிட்டாள். சாமைக் கதிர் காயவைத்திருந்த களத்திலிருந்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு பாயே தெரியவில்லை. ஆளுக்கொரு புத்தகத்தில் விரலை வைத்து, வரி வரியாக இழுத்து, படத்தைப் பார்த்துத் தாங்களாகவே கதை கட்டி, சத்தம் போட்டுப் படித்தார்கள். ஒரே படகை ஒருத்தி மாமன் வீட்டுக்கு விட்டாள், இன்னொருத்தி கோமுகி அணைக்கு விட்டாள். அடுத்த வாரம் வீட்டுக்கு எடுத்துப் போகவும் கேட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

செல்வியைத் தனியாகக் கூப்பிட்டு, "இத்தனை நாள் தமிழ்ப் புத்தகம் வைத்திருந்தேனே, அதை ஏண்டி தொடவில்லை?" என்று கேட்டேன். முன்னே இருந்த ஒரு வாத்தியார், எழுத்துக் கூட்டும்போது தடுக்கினால் முட்டியிலேயே போடுவாராம். புத்தகத்தைக் கண்டாலே முட்டி வலிக்குமாம். நான் தேடித் தேடி எடுத்து வைத்ததெல்லாம் அவர்கள் கண்ணுக்கு அடியாகத் தெரிந்திருக்கிறது. செல்வி மலையாளப் புத்தகத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "இத நான் தப்பாப் படிச்சா, தப்புன்னு யாருக்கு டீச்சர் தெரியும்?"

குடை

மேலதிகாரி வந்தார். அலமாரியைத் திறந்தார், மலையாளக் கதைகள் அடுக்கியிருந்த இரண்டு தட்டும் காலி. எல்லாம் வீடுகளில் இருக்கின்றன என்றேன். அவர் முகம் மலர்ந்தது, என்ன புத்தகம் என்று தெரிந்ததும் சுருங்கியது. "மலையாளத்தை இங்கே யாரம்மா படிக்கிறது? விளையாடுகிறீர்களா?" என்று கேட்டார். சனிக்கிழமை கையைவிட்டுப் போகிறது என்றே நினைத்தேன். புத்தகம் திருப்ப வந்த செல்விதான் முன்னால் வந்து, "நான் படிப்பேங்க" என்றாள்.

படிக்கச் சொன்னார். படத்தில் ஒரு பெண், கையில் பையும் குடையுமாக ஒரு மேட்டில் ஏறிப் போகிறாள். செல்வி ஜிலேபி எழுத்தில் விரலை வைத்து, ஒரு தடங்கல் இல்லாமல் ஆரம்பித்தாள்: "ஒரு ஊர்ல ஒரு டீச்சரம்மா இருந்தாங்க. அவங்களுக்கு வூட்ல பேசறதுக்கு ஆளே கெடையாது. அதான் வாராவாரம் மலையேறி வராங்க." அந்த மலையில் என் வீட்டைப் பற்றி நான் யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "சரி, மேலே படி" என்றார்.

அலமாரி அங்கேயே இருக்கட்டும் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு அது காதில் சரியாக ஏறவில்லை. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் வெறுங்கையோடு மேட்டிலிருந்து இறங்கிப் போகிறாள், குடை ஒரு மரத்தடியில் சாய்ந்து கிடக்கிறது. செல்வி அதில் விரலை வைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முடித்தாள்: "பேசிப் பேசி நேரமாயிடுச்சி. குடைய மறந்து வெச்சிட்டுப் போய்க்கினு இருக்காங்க பாருங்க. அடுத்த சனிக்கெழம வந்து எடுத்துக்குவாங்க."

நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த புத்தகங்களை மலையில் ஒரு பிள்ளையும் தொடவில்லை, தவறி வந்த புத்தகத்தில் என்னைத்தான் ஒருத்தி தப்பில்லாமல் படித்துவிட்டாள்.