பெரட்டுக்கு முன்னால் லினக்ஸ்

எங்கள் அப்பாவின் கருமாதிக்கு நாங்கள் மாலை போட்டது ஒரு கம்ப்யூட்டர் மொனிட்டருக்கு. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். வேறு வழி இருந்திருந்தால் நாங்களும் சிரித்திருப்போம்.

அப்பாவைப் போட்டோ பிடித்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அடையாள அட்டைக்காக. நமுனுகுல மலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தேயிலை ஃபெக்டரி வேலை அவருக்கு. வாய் கொஞ்சம் நீளம். கங்காணியைத் திட்டுவார், மழையைத் திட்டுவார், மழை நின்றுவிட்டால் அதற்கும் திட்டுவார். அட்டையில் இருந்த படத்திலும் போட்டோக்காரரை ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரிதான் இருப்பார். அவர் இறந்ததும், மரணத்தைப் பதியும்போது அட்டையையும் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஒப்படைப்பதற்கு முன்னால் அதைப் பதுளைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணி, ஃபிளொப்பியில் போட்டு வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

கம்ப்யூட்டர் வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் பதுளையில் குழாய், சிமெந்து விற்கும் ஒரு ஹார்ட்வெயார் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். முதலாளி புது மெஷின் வாங்கியதும் பழையதை, "தம்பி, தூக்கிட்டுப் போங்க" என்று எனக்குத் தந்துவிட்டார். எங்கள் லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கே, வந்த முதல் கம்ப்யூட்டர் அதுதான். பார்க்க வந்த சனம், அதில் நாடகம் வராது என்று தெரிந்ததும் கலைந்து போனது.

தபால் முத்திரை அளவுப் படத்தைப் பெரிதாக்கினால் அப்பா கட்டம் கட்டமாகத்தான் வருவார் என்று ஸ்டூடியோக்காரர் கையை விரித்தார். சின்னதாகவே ஒன்று போட்டுத் தரட்டுமா என்று கேட்டார். முத்திரையை வைத்தா கும்பிடுவது என்று நான் வேண்டாமென்றேன். அந்த முத்திரையை அன்றைக்கு வாங்கியிருந்தால் எனக்கு இத்தனை கேவலம் வந்திருக்காது.

திரையில் உள்ளங்கை அளவில் வைத்தபோது முகம் ஒழுங்காகத் தெரிந்தது. அதனால் கருமாதிக்கு மொனிட்டரையே மேசையில் வைத்து மாலை போட்டோம். பூசாரி சூடம் காட்டிக்கொண்டிருந்த நேரம் அப்பா மறைந்து கலர் கலராக மீன்கள் நீந்தத் தொடங்கின. பூசாரி கையை நிறுத்திவிட்டார்.

"எங்கடா அவரு?" என்றாள் அம்மா.

"மவுஸ ஆட்டினா வந்துருவாரும்மா."

ஆட்டினேன், வந்தார். பெரியம்மா ஒருத்தி ஓவென்று அழுதாள்.

அன்றிலிருந்து அம்மாவுக்கு அது பழக்கமாகிவிட்டது. காலையில் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டும். பெரட்டு என்பது ஆட்களை வரிசையாக நிறுத்தி அன்றைக்குக் கொழுந்து பறிக்க வேண்டிய மலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். சங்கு ஊதிய பிறகு போனால் அன்றைக்குப் பெயர் கிடையாது, சம்பளமும் கிடையாது, திரும்பி வர வேண்டியதுதான். அம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு மொனிட்டர் முன்னால் நிற்பாள். விண்டோஸோ, கடைக் காலத்தில் சேர்த்துக்கொண்ட வைரஸ் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டுத்தான் தானும் எழும்பும். நாளாக ஆக அது எழும்புவதற்குள் சங்கு ஊதிவிட்டது. ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கலாமென்றால், அடுத்த வீட்டில் சோறாக்கும் மெஷினைப் போட்டாலே லயத்தில் கரண்ட் போய்விடும்.

"நாளைக்குக் கொஞ்சம் வெள்ளனவே போடுடா" என்று சொல்லிவிட்டு அம்மா முகம் பார்க்காமலே போவாள். அப்படிப் போகிற நாட்களில் மலையில் அவள் யாரோடும் பேசுவதில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த மெஷினை உடைக்க வேண்டும் போல இருந்தது.

கடைக்கு எதிரில் ஓர் அலுவலகத்தில் யாழ்ப்பாணத்து லிகிதர் ஒருவர் எழுத்து வேலை பார்த்தார். என் வயதுதான். கம்ப்யூட்டர் பைத்தியம். அவரிடம் சொன்னபோது மூன்று சிடி தந்தார்.

"மூண்டும் லினக்ஸ்தான், விண்டோஸுக்குப் பதிலாப் போடுறது. எது உமக்குச் சரிவருதோ அதைப் போடும். ஆனா தேவையானதுகளை முதல்லயே வேற எங்கயாவது கொப்பி பண்ணி வையும். டிஸ்க்கைப் பிரிச்சுப் போடும், என்ன?"

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

எந்த லினக்ஸ் நல்லது என்று பெரிய பெரிய சண்டை எல்லாம் நடக்கிறதாம். எனக்குச் சண்டை வரவில்லை. முதல் சிடி, இந்த மெஷினுக்கு மெமரி போதாது என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இரண்டாவது, கறுப்புத் திரையில் என் பெயரைக் கேட்டது. சொன்னேன். பிழை என்றது. மூன்றாவதில் மண்நிறமாக ஒரு திரை வந்து, அம்பும் அசைந்தது. மூன்றாவதைத் தெரிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பதிய உட்கார்ந்தேன். டிஸ்க் முழுவதையும் பயன்படுத்தவா, பிரிக்கவா என்று கேட்டது. பிரிப்பது பற்றி எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. எங்கள் வீடு ஒற்றைக் காம்பரா, ஒரே அறை. அண்ணன் கல்யாணம் முடித்ததும் நடுவில் பலகை அடித்தோம். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலும் ஒருவரும் காலை நீட்டிப் படுத்ததில்லை. கம்ப்யூட்டரிலாவது பலகை வேண்டாம், எல்லாரும் ஒன்றாக இருக்கட்டும் என்று 'முழுவதும்' என்பதை அமுக்கினேன். புது மருமகள் வந்தால் பழைய ஆட்கள் ஒதுங்கி இடம் விடுவார்கள். லயத்தில் யாரும் யாரையும் வெளியே தள்ளிப் பார்த்ததில்லை. அந்த 'முழுவதும்' என்பதற்கு மேலே, பழையதெல்லாம் அழியும் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை ஒன்று இருந்ததாம். இருந்திருக்கும்.

லினக்ஸ் அருமையாக வேலை செய்தது. திங்கட்கிழமை காலை, அம்மா கூடையை எடுப்பதற்குள் திரை வந்துவிட்டது. மண்நிறம். அதில் அப்பா இல்லை. எங்குமே இல்லை.

"எங்கடா அவரு?"

"உள்ளதான் இருக்காரும்மா. எடம் மாறிட்டாரு. தேடுறேன்."

அம்மா அந்த வெறும் மண்நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திருநீறு பூசிக்கொண்டு போனாள். மறுநாளும் வந்து நின்றாள், அதற்கு மறுநாளும். நான் தேடுகிற மாதிரி கீபோர்டில் குனிந்தே இருந்தேன். படம் கொண்டுவந்த ஃபிளொப்பியில் எப்போதோ அதை அழித்துக் கடை பில்லைப் போட்டிருந்தேன். ஸ்கேன் பண்ணின இடத்தில், அன்றன்றைக்கே அழித்துவிடுவோம் என்றார்கள். அப்பனை ஒரு தரம் மண்ணில் போட்டோம், இன்னொரு தரம் நானே அழித்தேன். கடைக்குப் போகிற பஸ்ஸில், கண்ணைத் துடைப்பது தெரியாமல் இருக்க, பசறை டவுன் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் போவேன்.

லிகிதரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். அழிந்ததைத் தோண்டி எடுக்கும் ஒரு புரோகிராம் லினக்ஸில் இருக்கிறது என்று அதையும் தந்தார். "இனி ஒண்டையும் அதில எழுதாதையும்" என்றார். மூன்று வாரம் தோண்டினேன். பேரில்லாத படங்களாக வந்து விழுந்தன. முதலாளி எப்போதோ அழித்த பிவிசி குழாய்கள், அவற்றை வளைத்துப் பூட்டும் முழங்கைகள், கழிப்பறைச் சட்டிகள் எல்லாம் ஒன்று விடாமல் பளபளவென்று உயிர்த்தெழுந்தன. நூற்றுக்கணக்கான சட்டிகளைத் திறந்து மூடினேன்.

ஒரு விடிகாலை, ஒரு சட்டிக்குப் பிறகு அப்பா வந்தார். நெற்றி, புருவம், கண், பாதி மூக்கு. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

அம்மாவைக் கூப்பிட்டேன். இனிப் பொய் சொல்லத் தெம்பில்லை. "நாந்தாம்மா அழிச்சிட்டேன். இவ்வளவுதான் கெடைச்சிச்சு."

"அழிச்சது அன்னைக்கே தெரியும். நீ மொகத்தப் பாத்துப் பேசலியே" என்றாள். கண்ணை மொனிட்டரிலிருந்து எடுக்கவில்லை. சாம்பல் நிறத்தின் மேல் விரலை வைத்தாள்.

"வாய் வரலியா?"

"வரலம்மா."

"போவுது. வாய் இருந்தப்ப பேசுனது போதும்."

வழக்கம்போல கிளம்புவாள் என்று நினைத்தேன். லினக்ஸ் வந்ததால் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. அம்மா கூடையைக் கழற்றிக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீ போய் மொகத்தக் கழுவு. நான் அவருகிட்ட கொஞ்சம் பேசணும்."